மூச்சுக்கு ஒரு கிளை

ஆகஸ்ட் 6

காலை முழுவதும் மூடுபனி. பதினொன்றுக்கு மேல் கொஞ்சம் வெளுத்தது.

பச்சைத் தேயிலை எடுக்க வரும் ஏஜெண்ட் நஞ்சுண்டன் இன்று வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி விலையைச் சொன்னார். மறுபடி இறங்கியிருக்கிறது. அதிலும் ஈரத்துக்கென்று எடையில் கழிவு உண்டாம். மழை இல்லாத நாளில் எப்படி ஈரம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் மனைவி தெய்வானை கேட்டாள்.

"ஏன் தம்பி, மழ விட்டு ரெண்டு நாளாச்சே. இது யாரு வீட்டு ஈரம்?"

"ஃபேக்டரிக்காரன் சொல்றான், நான் சொல்றேன். நம்ம கையில என்னம்மா இருக்கு? எனக்கு ஸ்டியரிங், உங்களுக்குச் சாக்கு."

நஞ்சுண்டன் சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டி போன பிறகு, நான் எதற்குச் சிரித்தேன் என்று யோசித்தேன்.

ஆகஸ்ட் 9

கவாத்து பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சரியா என்று தெரியவில்லை. யோசித்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் மறுபடி நல்ல கொழுந்து வரும். வெட்டினால் சில மாதங்களுக்கு இலை கிடையாது. அதனால் எங்களைப் போல ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பாதியை இந்த ஆண்டும் மறு பாதியை அடுத்த ஆண்டும் வெட்டுவது வழக்கம். போன ஆண்டு வெட்ட வேண்டியதை நான் தள்ளிப்போட்டேன். இப்போது இரண்டு பாதிக்கும் காலம் வந்துவிட்டது.

இன்றைய விலையில் இலை எடுப்பதால் லாபம் இல்லை. உரத்துக்கும் ஆளுக்கும் போக மிஞ்சுவது டீக்கடைச் செலவுக்குக் காணாது. அப்படியானால் விலை இல்லாத இந்தச் சமயத்தில் முழுவதையும் வெட்டிவிடுவதுதானே அறிவு? விலை ஏறும்போது முழு ஏக்கரிலும் இளங்கொழுந்து நிற்கும்.

தெய்வானையிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பாதி நிக்கட்டுங்க. கொஞ்சமானாலும் கைக்கு வரும்ல."

நான் மறுபடி விளக்கினேன்.

"நீங்க படிச்சவரு" என்றாள்.

இதை அவள் சொன்னால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆகஸ்ட் 21

கவாத்து தொடங்கியது. இரண்டு ஆட்கள். காலையில் மேல் வரிசைகளை நானே நின்று வெட்டச் சொன்னேன். ஒரு இலைகூட இல்லாமல், ஒரே மட்டத்தில், பார்க்க ஒழுங்காக இருந்தது.

தெய்வானை சாயா கொண்டுவந்தாள். பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏங்க, மூச்சுக்கு ஒரு கெள விட வேணாமா?"

செடிக்கு ஒரு கிளையையாவது இலையோடு விட்டுவைப்பது அவள் இலங்கையில் கற்றது. வெட்டுப்பட்ட செடி அந்த ஒரு கிளையால்தான் மூச்சு விடுமாம். புதுத் தளிர் வந்த பிறகு அதையும் எடுத்துவிடலாம். அது அவசியமில்லை என்று எங்கோ படித்த நினைவு எனக்கு. சொன்னேன். அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஆட்களுக்குப் பின்னாலேயே இறங்கிப் போனாள். கீழ்ப் பாதி முழுக்க, செடிக்கு ஒரு கிளை, அவள் விரல் காட்டிய கிளை, நின்றது.

மாலையில் பார்த்தேன். ஒவ்வொரு செடியும் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஒழுங்காக இல்லை.

ஆகஸ்ட் 23

முடிந்தது. ஏக்கர் முழுவதும் குச்சி.

இந்த நிலத்தை வாங்கிய நாள் நினைவுக்கு வந்தது. நான் முப்பது ஆண்டு வேலை பார்த்த எஸ்டேட்டை மூடியபோது கையில் கொடுத்ததைக் கொண்டு வாங்கினோம். தெய்வானை இலங்கையில் அட்டன் பக்கத்து லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள். பாவாடை சட்டைக் காலத்திலேயே கூடை தூக்கியவள். எடை குறைந்தால் கங்காணி அரைப்பேர்தான் போடுவான், அதாவது அரை நாள் கூலி. கப்பலேறி இந்தியா வந்த பிறகும் என் எழுத்தர் வேலை நிரந்தரமாகும் வரை அவள் அடுத்தவர் மலையில்தான் கொழுந்து எடுத்தாள். பத்திரம் பதிந்து வந்த அன்று வேலிக்கருகே நின்று கேட்டாள்: "இனிமே எனக்குப் பேர் போட யாரும் இல்லதானே?"

இல்லை என்று சொன்னேன்.

செப்டம்பர் 12

வெயில். துணி துவைத்தேன். ரேஷனில் பருப்பு இல்லை.

கீழ் வீட்டு ரோஸ்மேரியின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஆண் குழந்தை. காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட தெய்வானையைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஏதோ கொடுப்பார்களாம். போகட்டும், அவளுக்குக் குழந்தைகள் என்றால் பிடிக்கும்.

செப்டம்பர் 19

குளிப்பாட்டப் போனவள் திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. லேசில் அடங்காத குழந்தை போலிருக்கிறது.

செப்டம்பர் 27

கடையில் எலுமிச்சம்பழம் வாங்கினேன். போன வாரம் வாங்கியது தீர்ந்துவிட்டது. ஊறுகாய் போட்டதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 8

விலை ஏறிவிட்டது.

நஞ்சுண்டன் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டார். "கிளாக்கரய்யா, நீங்க வெட்டுனதும் வெல ஏறிப்போச்சு பாருங்க. அடுத்த தடவ ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டுங்க. ஊரே ரெடியா இருக்கும்."

வண்டியில் சாக்குகள் உச்சி வரை இருந்தன. எல்லாம் அடுத்தவர் இலை. வாசனை வந்தது.

வீட்டுக்கு வந்து தெய்வானையிடம் சொன்னேன். "எறங்குனது ஏறும், ஏறுனது எறங்கும். நம்மளுது வாறப்ப பாத்துக்கலாம்" என்றாள். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 17

ரோஸ்மேரியின் மகள் குழந்தையோடு கோயம்புத்தூருக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார். போய் நாளாயிற்றாம்.

தெய்வானையிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. குளிப்பாட்டப் போயிருந்தாள்.

அக்டோபர் 20

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாக்கு இல்லை. கொழுந்து எடுக்கும்போது அவள் இடுப்பில் சுற்றிக்கொள்வது. மாலையில் ஆணியில் இருந்தது. ஈரமாக இருந்தது.

காற்றில் விழுந்திருக்கலாம்.

அக்டோபர் 29

மேல் வரிசைகளில் பாசி சுரண்டப் போனேன். அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் மொட்டுத் தோட்டம் தெரியும். யாரோ வெளியூர்க்காரர் நடத்துவது. கத்தரி, மெஷின் எதையும் செடிமேல் வைப்பதில்லை. விரிந்த இலைகூட வேண்டாமாம். மொட்டை மட்டும் நகம் படாமல் கையால் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு என்பதால் வயதானவர்களைத் தேடி எடுக்கிறார்களாம்.

மஞ்சள் பிளாஸ்டிக் கோட்டு போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஒருத்தி மட்டும் ஒவ்வொரு செடிக்கும் போனதும் முதலில் உள்ளங்கையால் செடியின் மேல்மட்டத்தை ஒரு முறை தடவினாள். பிறகுதான் கிள்ளத் தொடங்கினாள். அது ஒரு பழக்கம். பலருக்கு இருக்கலாம்.

பாசி சுரண்டுவதைப் பாதியில் விட்டு இறங்கிவிட்டேன். மேல் வரிசைகளுக்கு இனி அடிக்கடி போக வேண்டிய வேலை இல்லை.

நவம்பர் 2

மாலை நடை என்று ஒன்று பழக்கிக்கொண்டிருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டு, தெய்வானை வந்து, கை கால் கழுவி, சாக்கை மாட்டி, சேலை மாற்றி உட்காரும் நேரம் வரை நடந்துவிட்டு வருகிறேன். உடம்புக்கு நல்லது.

தீபாவளி

திருப்பூரிலிருந்து குமரவேல் வந்தான். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தனியாகத்தான் வந்தான், மருமகளுக்கு லீவு இல்லையாம். அம்மாவுக்குச் சேலை. எனக்கு ஒரு தகர டப்பா. அவனுடைய முதலாளிக்கு யாரோ கொடுத்து, அவர் இவனுக்குக் கொடுத்தது.

"நம்ம ஊர்த் தேயிலப்பா. வெள்ளைத் தேயில. வெல கேட்டா மயங்கி விழுந்துருவீங்க."

அவன் சொன்ன விலையை இங்கே எழுத மனமில்லை.

வெந்நீர் ஊற்றிக் குடித்தோம். சுடுதண்ணீர் போல இருந்தது. பிறகு தொண்டையில் லேசாக ஒரு பூ வாசனை. குமரவேல் "எப்பிடி?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன்.

தெய்வானை குடிக்கவில்லை. டப்பாவிலிருந்து இரண்டு மொட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். விரலால் உருட்டினாள்.

"இதுல நகம் பட்டிருக்கு. காம்புகிட்ட கருத்திருக்கு பாரு. இத எடையில சேக்க மாட்டாங்களே."

"யாரு சேக்க மாட்டாங்க? உனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றான் குமரவேல்.

அடுப்பில் பலகாரம். இரண்டு மொட்டையும் டப்பாவிலேயே போட்டாள்.

"எல்லாரும் சொல்றதுதான்" என்று எழுந்து போனாள்.

தெய்வானை தேயிலையில் பிறந்து வளர்ந்தவள். ஒரு மொட்டைப் பார்த்து இவ்வளவு சொல்வதில் அதிசயம் எதுவும் இல்லை என்று மகனிடம் விளக்கினேன். அதிகமாகவே விளக்கிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பிட்ட பிறகு அவன் வந்த காரியத்தைச் சொன்னான். கோயம்புத்தூர் பார்ட்டி ஒருவர் காட்டேஜ் கட்ட இடம் தேடுகிறாராம். ரோட்டோரம் என்பதால் நம் ஏக்கரைக் கேட்கிறாராம். பொங்கலுக்குள் பதில் வேண்டுமாம்.

"எலையே இல்லாத தோட்டத்த வெச்சுக்கிட்டு என்னப்பா பண்ணப் போறீங்க? எங்ககூட வந்துருங்க ரெண்டு பேரும்."

தெய்வானை சமையலறையிலிருந்தே சொன்னாள். "தையில தளிர் வந்துரும். மாசியில எல எடுக்கலாம். அதுவரைக்கும் சோறு இருக்கு. விக்கிற பேச்ச விடு."

"எங்கருந்தும்மா சோறு இருக்கு?"

மகன் என்னைப் பார்த்தான். நான் டப்பாவின் மூடியை மூடினேன். அது சரியாகப் பொருந்த நேரமாயிற்று.

நவம்பர் 24

எலுமிச்சம்பழம் நானே வாங்கிச் சமையலறை ஜன்னலில் வைக்கத் தொடங்கியிருக்கிறேன். பாதியாக வெட்டி, பக்கத்தில் உப்பும்.

மாலையில் பிழிந்த மூடிகள் மட்டும் கிடக்கின்றன.

டிசம்பர் 10

குளிர் ஏறிவிட்டது. கடுங்குளிரில் எடுக்கும் மொட்டுக்கு மணம் அதிகமாம், அதனால் மொட்டுத் தோட்டத்தில் விடியும்போதே வேலை தொடங்குகிறதாம். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

தெய்வானை இப்போது இருட்டோடு குளிப்பாட்டப் போகிறாள். அவள் எழுவதற்கு முன் எழுந்து வெந்நீர் வைத்துவிட்டு மறுபடி போர்த்திப் படுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 18

இருமல். மிளகுக் கஷாயம் போட்டேன். அளவு அதிகமாகிவிட்டது. குடித்துவிட்டு, "இது இருமலுக்கா, இருமுறவளுக்கா?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரித்து முடிந்தும் அவளுக்கு இருமல் நிற்கவில்லை.

டிசம்பர் 30

இன்று போக வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்வதற்கு, எங்கே போகிறாள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 4

உறைபனி. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பு கொட்டியதுபோல் இருந்தது.

ஜனவரி 7

மூன்றாவது நாளும் உறைபனி. மேல் வரிசைகளுக்குப் போய்ப் பார்த்தேன். நான் ஒழுங்காக வெட்டச் சொன்ன செடிகள். பட்டையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இல்லை. செடிக்குச் செடி கீறினேன். பிறகு கீறுவதை நிறுத்திவிட்டேன்.

கீழ்ப் பாதியில், அவள் விட்டுவைத்த கிளைகளில் இலை கருகித் தொங்குகிறது. ஆனால் அடியில், கவாத்து பட்ட இடத்துக்குக் கீழே, கடுகு அளவில் தளிர் கண் விழித்திருக்கிறது.

சந்தோஷமாக இறங்கி வந்தேன். சொல்வதற்கு வீட்டில் அவள் இல்லை.

ஜனவரி 9

தெய்வானையை ரோஸ்மேரி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நடக்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. மஞ்சள் கோட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

"வழியில மயக்கமா உக்காந்துட்டாங்கண்ணே" என்றாள் ரோஸ்மேரி. எந்த வழி என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஈரச் சேலையை மாற்றிவிட்டுப் படுக்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"ரோஸ்மேரிகிட்டச் சொல்லிருங்க. நாளைக்கு நான் வரலைன்னு. எடத்த வேற யாருக்கும் குடுத்துறாம இருக்கச் சொல்லுங்க."

பிறகு கண்ணைத் திறந்தாள். என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. என்னையே பார்த்தாள்.

"குழந்தையை ரெண்டு நாள் அவங்களே குளிப்பாட்டிக்குவாங்க" என்றேன்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா" என்றாள்.

அவள் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தேன். இரண்டு விரல்களும் கட்டைவிரலும் நகக்கண் வரை கறுத்திருந்தன. எலுமிச்சை இந்தக் கறைக்குப் போதாது.

ஜனவரி 11

கோத்தகிரி ஆஸ்பத்திரி. நிமோனியா. குமரவேலுக்குப் போன் செய்தேன்.

ஜனவரி 14

நேற்று கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். மூக்கில் குழாய்.

குமரவேல் படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நெசத்தச் சொல்லுங்கப்பா. அம்மா கூலிக்குப் போனாங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னால், ஏன் தடுக்கவில்லை என்று அடுத்துக் கேட்பான். நான் தரையைப் பார்த்தேன். அவன் அழுதான். இருபது வயதுக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை.

ஜனவரி 27

ஆஸ்பத்திரிச் செலவுக்காக மேல் பாதியைக் கோயம்புத்தூர் பார்ட்டிக்கு எழுதிக் கொடுத்தோம். அந்தப் பாதியில் உயிருள்ள செடி அதிகம் இல்லை என்பதால் மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். முழு ஏக்கரும் கேட்டார்கள். குமரவேலும் அதையே சொன்னான். கீழ்ப் பாதியைத் தர மாட்டேன் என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாக வந்திருக்க வேண்டும், பத்திரம் எழுதுபவர் நிமிர்ந்து பார்த்தார்.

பிப்ரவரி 3

தெய்வானை பிழைத்துவிட்டாள். ஆனால் நுரையீரல் பழையபடி ஆகாதாம். மலைக் குளிர் இனி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூருக்குக் கூட்டிப்போகிறான் மகன். என்னையும் கூப்பிட்டான்.

கீழ்ப் பாதியில் தளிர் ஒரு சாண் வந்துவிட்டது. இந்தச் சமயத்தில் மட்டக்கம்பு வைத்து ஒரே உயரத்தில் நுனி கிள்ளாவிட்டால் செடி கண்டபடி போய்விடும். நான் இருக்க வேண்டும் என்றேன்.

காரில் ஏறும்போது அவள் என் காதருகே சொன்னாள். "எடம் போயிருக்கும். விடுங்க."

பிப்ரவரி 10

உரம் போட வேண்டும். உரத்துக்கு வழி இல்லை. மகனிடம் கேட்க முடியாது.

பிப்ரவரி 12

விடியுமுன் எழுந்தேன். ஆணியிலிருந்து சாக்கை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். இரண்டு முறை அவிழ்ந்தது.

மொட்டுத் தோட்டத்து வாசலில் பெண்கள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கால் பாதி திரும்பியும்விட்டது.

"என்னண்ணே, கிளாக்கர் வேல இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள் ரோஸ்மேரி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளே நகர்ந்து நெருப்பருகே இடம் விட்டாள். "வாங்க. மதினி வரிச சும்மாதான் கெடக்கு. யாரையும் விடல நான்."

கையில் போனோடு நின்ற பையன் பெயர் கேட்டான். "சந்தனம்" என்றேன். முப்பது ஆண்டு அடுத்தவர்களுக்குப் பேர் போட்டவன் நான். என் பெயரை இன்னொருவர் குறிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இதுவே முதல் தடவை.

விரல் விறைத்துவிட்டது. நகம் பட்டுப் பட்டு மொட்டெல்லாம் கறுத்தது. எடையில் பாதியைக் கழித்துவிட்டான் பையன்.

"அரப்பேர்தான் தாத்தா."

சரி என்றேன்.

பிப்ரவரி 20

பழகிவருகிறது. கிள்ளும் முன் உள்ளங்கையால் செடியை ஒரு முறை தடவினால் மொட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிகிறது. காரணம் இல்லாமல் செய்த பழக்கம் இல்லை அது.

மார்ச் 9

நம் செடிகளில் முதல் கொழுந்து. நஞ்சுண்டன் வந்து எடுத்தார். கொஞ்சம்தான். விலை மறுபடி இறங்கியிருக்கிறது. ஈரத்துக்குக் கழிவு உண்டு என்றார்.

"மழ பெஞ்சு பத்து நாளாச்சு நஞ்சுண்டன். இது யாரு வீட்டு ஈரம்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் கைகளையும் பார்த்தார். கழிவு போடாமல் எழுதிக்கொண்டு போனார்.

மார்ச் 14

மாலையில் திருப்பூரிலிருந்து போன். குமரவேல் அவளிடம் கொடுத்தான். குரல் சன்னமாக இருந்தது. பின்னால் எங்கோ தையல் மெஷின் ஓடும் சத்தம்.

கீழ்ப் பாதியில் இலை எடுத்ததைச் சொன்னேன். கிளை விட்ட செடி அத்தனையும் தழைத்திருக்கிறது என்றேன். "ம்" என்றாள். சாப்பிட்டீர்களா, மழை உண்டா என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"ரோஸ்மேரி வீட்டுப் புள்ள எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இப்ப யாரு குளிப்பாட்டுறா?"

தையல் மெஷின் நின்று, மறுபடி ஓடியது.

"நான்தான்" என்றேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"காலையில காதச் சுத்தித் துணி கட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "ஜன்னல்ல எலுமிச்சம் மூடி கெடக்கும். காஞ்சிருந்தாலும் பரவால்ல. உப்பத் தொட்டுத் தேச்சா கறை போயிரும்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு மூடிகள் இருந்தன. உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். கறை பாதி போயிற்று.

மீதியைத் தேய்க்கவில்லை. நாளைக் காலையும் போக வேண்டும்.